சுங்கை சிப்புட் முதல் குன்மிங் வரை: தனி ஆளுக்கு இந்த ரயில் வழி எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால், விமான நிலையத்தின் பக்கமே போகாமல் தாய்லாந்து, லாவோஸ் இரண்டையும் கடந்து சீனாவின் குன்மிங் நகரம் வரை போய்விடலாம். வழியில் தண்டவாளம் ஒரே ஒரு இடத்தில்தான் அறுந்து கிடக்கிறது: வியந்தியானில், பத்துக் கிலோமீட்டர் வாக்கில். 2021 டிசம்பரில் லாவோஸ்–சீன ரயில் ஓடத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் அது எல்லை தாண்டிப் பயணிகளை ஏற்றியது. 2024 ஜூலையில் பாங்காக்–வியந்தியான் நேரடி இரவு ரயில் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் ஒரு தோட்டத்துப் பட்டணத்து ஆள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எந்த ஏஜென்டையும் தேடாமல் இப்படிக் கிளம்பலாம் என்றாகியிருக்கிறது.

நாலு நாட்டு நிர்வாகங்கள் நடத்தும் ரயில்களை இங்கே ஒரே சேவையாக வைத்து எடைபோடுகிறோம். டிக்கெட் தனித்தனிதான், ஆனால் போகிறவருக்கு அது ஒரே பயணம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: வண்டிகளில் குறை குறைவு. வண்டி மாறும் இடங்களில்தான் எல்லாம் கெடுகிறது. ரப்பர் பால்மரத்திலிருந்து கோப்பைக்கு வரும்போது பால் சிந்துவதில்லை. கோப்பையிலிருந்து வாளிக்கு ஊற்றும்போதுதான் சிந்தும். இருவராகப் போனால் ஒருவர் மூட்டையைப் பார்த்துக்கொள்வார், மற்றவர் வரிசையில் நிற்பார். தனி ஆளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே வண்டியைப் பற்றிச் சொல்வதைவிட, மாறும் இடத்தைப் பற்றித்தான் கீழே அதிகம் இருக்கும்.

கடப்பிதழும் சாய்கோடும்

கடப்பிதழில் ஆறு மாதத்துக்குமேல் ஆயுள் வேண்டும். புதுப்பிக்க 200 வெள்ளி (ரிங்கிட்), 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 100. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்று நாட்டுக்கும் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. லாவோஸில் 30 நாள். சீனாவோடு செய்துகொண்ட விசா விலக்கு 2025 ஜூலை 17 முதல் நடப்பில் இருக்கிறது, அதிலும் ஒரு தடவைக்கு 30 நாள். சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு) இதெல்லாம் பொருந்தாது. அவர்கள் எந்த நாட்டுக் கடப்பிதழில் போகிறார்களோ அந்த நாட்டு விதிதான். தோட்டப்புறத்தில் இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் பெரியவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் அல்ல. டிக்கெட்டில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்.

தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டை கட்டாயம். நுழையும் நாளுக்கு முந்திய 3 நாளுக்குள் அவர்களுடைய குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்கும் தளங்களில் சில பணம் கேட்கும். அவை தரகர் தளங்கள், காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்தது நம் ஆட்களுக்கே உரிய தொல்லை. பெயர் நடுவில் ‘மகன்’, ‘மகள்’ என்பதற்கு வரும் ஏ/எல், ஏ/பி. பல இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. சிவப்பு எழுத்தில் ‘தவறு’ என்று காட்டும், எது தவறு என்று சொல்லாது. இன்னொரு பக்கம் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கடப்பிதழின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சாகியிருக்கும், இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் உள்ளபடியே எழுதுங்கள், சாய்கோட்டை விட்டுவிடுங்கள். ஒரு டிக்கெட்டில் அப்பா பெயரை முன்னால் போட்டு, அடுத்ததில் பின்னால் போடாதீர்கள். நாலு நாட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் கேள்வி வராது. கடப்பிதழ் எண்ணை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். லாவோஸில் வாசலிலேயே டிக்கெட்டையும் கடப்பிதழையும் ஒத்துப் பார்ப்பார்கள்.

பை 7, 8 கிலோவுக்குமேல் வேண்டாம். அளவுக்குச் சுலபமான சோதனை உண்டு: ரயில் கழிப்பறைக்குள் உங்களோடு சேர்ந்து நுழைய முடிகிற பைதான் தனி ஆளுக்குச் சரியான பை. சக்கரம் வைத்த பெரிய பெட்டி எல்லை நிலையமான பாடாங் பெசார் படிக்கட்டிலேயே உங்களைப் பழிவாங்கும். சதுரமான மூன்று முனை பிளக் தாய்லாந்தில் நுழையாது, மாற்று பிளக் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வண்டி: இடிஎஸ்

ஈப்போவுக்கு வடக்கே இரட்டைப் பாதையும் மின்கம்பியும் வந்தபின், 2015 முதல் இடிஎஸ் என்ற மின்சார ரயில் பாடாங் பெசார்வரை ஓடுகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். எல்லா வண்டியும் இங்கே நிற்பதில்லை. உங்கள் நேரத்துக்கு நிற்கும் வண்டி இல்லையென்றால் ஈப்போ அல்லது கோலகங்சார் போய் ஏறுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வடக்கே போகும் இடிஎஸ் எல்லாம் பாடாங் பெசார் போகாது, சில பட்டர்வொர்த்துக்குத் திரும்பிவிடும். பாதை பிரிவது புக்கிட் மெர்தாஜாமில். தவறி ஏறிவிட்டால் பட்டர்வொர்த்வரை போகாமல் புக்கிட் மெர்தாஜாமிலேயே இறங்கி, பாடாங் பெசார் போகும் கொமுட்டர் ரயிலைப் பிடியுங்கள். அது எல்லா நிலையத்திலும் நின்று நின்றுதான் போகும், ஆனாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

பெட்டியில் பாதி இருக்கைகள் வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டியிருக்கும். திருப்ப முடியாது. தலைசுற்றல் உள்ளவர்கள் இதை யோசித்து இடம் எடுக்க வேண்டும். குளிர் கொஞ்சம் மிஞ்சியே இருக்கும். கோலகங்சார் தாண்டியதும் பெராப்பிட் சுரங்கம், 3.3 கி.மீ. அதிலிருந்து வெளிவந்து தைப்பிங் கடந்த கொஞ்ச நேரத்தில் புக்கிட் மேரா ஏரி வரும். ஏரியின் நடுவிலேயே பாலம் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். கீழே கரை தெரியாது, பாலத்தின் ஓரம்கூட ஜன்னலுக்குத் தெரியாது. சில நிமிடம்தான், கைப்பேசியைக் கீழே வையுங்கள். பகல் வண்டி எடுப்பதற்கு இது ஒன்றே போதும். (தைப்பிங்கில்தான் 1885-இல் மலாயாவின் முதல் ரயிலே ஓடியது. இறங்கிப் பார்க்க விரும்பினால் அது தனி நாள்.)

பாடாங் பெசார்: கோப்பையிலிருந்து வாளிக்கு

இந்த நிலையத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். நிலையம் மலேசிய மண்ணில் இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் நம் குடிநுழைவும் இருக்கிறது, தாய்லாந்தின் குடிநுழைவும் இருக்கிறது. இடிஎஸ்ஸிலிருந்து இறங்கி மாடி ஏறினால் உட்கார இடம், சாப்பாட்டுக் கடை. மறுபடி கீழே இறங்கினால் முத்திரை போடும் கூடம். முதலில் நம் முத்திரை, பிறகு அவர்கள் முத்திரை, பை சோதனை. அதைத் தாண்டினால் தாய்லாந்து வண்டி நிற்கும். முகப்புகள் நாள் முழுதும் திறந்திருப்பதில்லை, வண்டி நேரத்தை ஒட்டித்தான் திறக்கும். பூட்டிய கதவைப் பார்த்துப் பதறி வெளியே ஓட வேண்டாம்.

மாடியில் இருக்கும்போதே நான்கு வேலையை முடித்துவிடுங்கள்: சாப்பாடு, கழிப்பறை, போத்தலில் தண்ணீர், கையில் கொஞ்சம் தாய்லாந்துப் பாட் பணம். முத்திரை விழுந்தபின் மேலே திரும்பிவர வழியில்லை. பாட் அதிகம் வேண்டாம். மலேசிய வங்கிச் செயலியிலிருந்து தாய்லாந்துக் கடைகளின் கியூஆர் கட்டத்தை வருடிப் பணம் கட்டும் இணைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் ரயிலுக்குள்ளும் நடைமேடையிலும் விற்பவர்களுக்குத் தாள் காசுதான் வசதி.

எல்லையை நெருங்கும்போது கைப்பேசி தானாகவே தாய்லாந்துக் கோபுரத்தைப் பிடிக்கும். அந்த நொடியில் மணி ஒன்று குறையும், தரவுக் கட்டணமும் ஓடத் தொடங்கலாம். அதற்கு முன்பே டிக்கெட்டையும் வருகை அட்டையையும் படம் எடுத்துச் சேமித்துவிடுங்கள். தாளில் ஒரு நகல் இருந்தால் இன்னும் நல்லது.

பாங்காக் நேரடி வண்டி, 46-ஆம் எண், மாலையில் புறப்படுகிறது. இதில் இடம் கிடைப்பது ஏன் அவ்வளவு கடினம் என்று பலர் கேட்பதுண்டு. பாடாங் பெசாரில் நிற்பது முழு ரயில் இல்லை, இரண்டொரு படுக்கைப் பெட்டிதான். மீதிப் பெட்டிகள் ஹாட்யாயில் வந்து கோக்கப்படும். ஆகவே பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் இந்தப் பெட்டிகள் சட்டென நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. பாடாங் பெசாரிலிருந்து ஹாட்யாய்க்கு ஒரு மணி நேரச் சிற்றுந்து மாதிரியான ரயில் நாளைக்கு இருமுறை ஓடுகிறது. ஹாட்யாயிலிருந்து பாங்காக்குக்கு வேறு இரவு ரயில்கள் உண்டு. அவற்றில் 32-ஆம் எண் ரயிலின் பெட்டிகள் 2016-இல் வந்த புதியவை. படுக்கைக்குத் தனி விளக்கு, மின்சாரக் குழி எல்லாம் இருக்கும். மெதுவாகப் போகிறவர் ஹாட்யாயில் ஓர் இரவு தங்கி அடுத்த நாள் 32-இல் ஏறுவதே எங்கள் சிபாரிசு. நேரடி வண்டியின் பெருமையைவிட நல்ல தூக்கம் பெரிது.

நவம்பர், டிசம்பர் மட்டும் எச்சரிக்கை. வடகிழக்குப் பருவமழையில் தென் தாய்லாந்துப் பாதையில் தண்ணீர் ஏறும். 2025 நவம்பரில் ஹாட்யாய் நகரமே மூழ்கியது. அந்த மாதங்களில் போவதானால் அடுத்தடுத்த டிக்கெட்டுகளுக்கு நடுவில் ஒரு வெற்று நாள் விடுங்கள்.

படுக்கை

இரண்டாம் வகுப்புக் குளிர்சாதனப் படுக்கை போதும். எதிரெதிர் இருக்கை இரண்டையும் இழுத்துச் சேர்த்தால் கீழ்ப் படுக்கை. சுவரிலிருந்து மடக்கை இறக்கினால் மேல் படுக்கை. வண்டியின் நீளவாக்கில் படுப்பீர்கள். விரித்துத் தருவது ஊழியரின் வேலை, நீங்கள் கை வைக்க வேண்டாம். கீழ் மேல் விலை வித்தியாசம் நூறு பாட் வாக்கில்தான். அந்த நூறைக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கீழே அகலம் அதிகம், ஜன்னல் உண்டு, பையைக் கண்ணெதிரே வைக்கலாம். மேலே ஜன்னல் கிடையாது, இரவெல்லாம் எரியும் நடைபாதை விளக்கு திரைக்குமேலே கண்ணில் அடிக்கும், குளிர்க்காற்றும் நேரே இறங்கும். கொடுக்கும் போர்வை மெல்லியது. ஒரு கைலி, ஒரு ஜோடி காலுறை கொண்டுபோனால் பிழைத்தீர்கள். பெண்கள் தனியாகப் போவதானால், சில ரயில்களில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டுமான பெட்டி உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே தேர்ந்தெடுக்கலாம்.

சாப்பாட்டில் தவறு செய்பவர்கள் அதிகம். வீட்டிலிருந்து நாசி லெமாக் கட்டிக்கொண்டு போவார்கள். காலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோறு மாலைக்குள் ஊசிப்போகும். புளிச்சோறு கட்டுங்கள், மறுநாள் காலைவரை தாங்கும். நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். இல்லையென்றால் ஹாட்யாயில் பெட்டி கோக்க வண்டி வெகுநேரம் நிற்கும், அங்கே நடைமேடையில் பொரித்த கோழியும் ஒட்டரிசிச் சோறும் கிடைக்கும். அந்த ஊரின் பெயர்போன பண்டமே அதுதான். சைவர்கள் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து எழுதிய ‘ஜே’ கடைகளைத் தேட வேண்டும். இறைச்சி போடாத காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்பதற்கு ‘மாய் கின் நுவா’. ரயிலிலும் நிலையத்திலும் மதுவுக்கு 2014 முதல் தடை. பையில் போத்தல் வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

விடியும்போது கழிப்பறையில் தண்ணீர் குறைந்துவிடும். ஐந்து மணிக்கு எழுந்து முகம் கழுவியவர் புத்திசாலி.

நடுவில் இறங்கினால் காஞ்சனபுரியில்

இந்தத் தடத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இறங்க முடியும் என்றால் எங்கள் ஓட்டு காஞ்சனபுரிக்கு. விடிகாலையில் நீங்கள் படுத்துக்கொண்டு கடக்கும் நோங் பிளாடுக் சந்திப்பிலிருந்துதான் சயாம் மரண ரயில்பாதை பிரிந்தது. பர்மாவின் தன்பியூசயாட்வரை 415 கி.மீ., 1942-43-இல் ஜப்பானிய ராணுவம் போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் நீங்கள் வந்த இதே பாதையில், சரக்குப் பெட்டிகளில், கொண்டுபோகப்பட்டார்கள். நம் ஊர்த் தோட்டத்துப் பழைய குடும்பங்களில் ‘சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை’ என்று ஒரு பெயராவது இருக்கும். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் ஏறத்தாழ 7,000 கல்லறைகளோடு, புல் வெட்டி, பூ வைத்துப் பராமரிக்கப்படுகிறது. பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படி வரிசையாகக் கல் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்பது வேறு.

செய்முறை: தெற்கிலிருந்து வரும் இரவு ரயில்களில் பெரும்பாலானவை பாங்காக்குக்குக் கொஞ்சம் முன்னால் நக்கோன் பத்தோமில் நிற்கும். அங்கே இறங்குங்கள். நிலையத்துக்கு எதிரே நடக்கும் தூரத்தில் 120 மீட்டர் உயரப் பெரிய ஸ்தூபி, பொழுதுபோக்க அது போதும். தொன்புரியிலிருந்து ‘நாம் தோக்’ என்ற ஊருக்குப் போகும் சாதாரண ரயில் காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று இந்த வழியாக வரும். இரவு ரயில் தாமதமானால் காலை வண்டி போய்விடும். மதிய வண்டியைக் கணக்கில் வைப்பதே சரி. வெளிநாட்டவருக்கு 100 பாட். மூன்றாம் வகுப்பு மட்டும், மின்விசிறியும் திறந்த ஜன்னலும்தான். காஞ்சனபுரிக்கு அப்பாலும் போவதானால் இடப்பக்கம் உட்காருங்கள். தாம் கிராசே அருகே பாறையை ஒட்டி மரத்தூண்கள்மேல் போகும் பாலத்தில் வண்டி நடந்துபோகும் வேகத்தில் ஊரும். ஆறு அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் கையை நீட்டினால் பாறையில் உரசும், நீட்டாதீர்கள்.

பாங்காக் திரும்பும்போது தொன்புரிவரை போகாதீர்கள். அது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிறு நிலையம். அதற்கு முன்னால் தாலிங் சான் சந்திப்பில் இறங்கி, நகர ரயிலின் வெளிர்சிவப்பு (லைட் ரெட்) தடத்தில் ஏறினால், நீங்கள் அடுத்து ஏற வேண்டிய குருங் தெப் அபிவாட் பெரு நிலையத்திலேயே கொண்டுவிடும்.

பாங்காக், வியந்தியான்

2023 ஜனவரி முதல் நெடுந்தூர ரயில்கள் அபிவாட் நிலையத்திலிருந்துதான். பழைய ஹுவா லம்போங் பெயரைச் சொல்லி டாக்சி ஏறினால் தப்பான இடத்தில் நிற்பீர்கள். நிலையம் மிகப் பெரியது, குளிர்ச்சி, சுத்தம், ஆனால் உயிரில்லை. சாப்பிடவும் பொழுதுபோக்கவும் வெளியே போக வேண்டும். சுரங்க ரயிலின் நீலத் தடத்தில் ஏறினால் சீலோம். 1879-இல் தமிழர்கள் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. மேம்பால ரயிலில் போவதானால் சுரசாக் நிலையம் பக்கம்.

கம்போடியா வழியாகத் திரும்பலாமா என்று கேட்பவர்களுக்கு: 2025-இல் இரு நாட்டுக்கும் மோதல் வந்து நில எல்லைகள் அடைபட்டன. திறந்த செய்தியை உறுதிசெய்யாமல் அந்தப் பக்கம் டிக்கெட் எடுக்காதீர்கள்.

வியந்தியான் ரயில், 133-ஆம் எண், இரவில் புறப்பட்டு மறுநாள் காலை சேர்கிறது. 12 மணி நேரம் வாக்கில். படுக்கை ஆயிரம் பாட்டுக்குள் என்றுதான் தொடங்கினார்கள். நோங் காய் நிலையத்தில் எல்லாரும் பையோடு இறங்கி, வெளியேறும் முத்திரை வாங்கி, அதே வண்டியில் மறுபடி ஏற வேண்டும். தூக்கக் கலக்கத்தில் தலையணைக்கடியில் கண்ணாடியையும் சார்ஜரையும் விட்டுவிட்டு இறங்குவதுதான் இங்கே வழக்கமான இழப்பு. இறங்கும் முன் படுக்கையை ஒருமுறை உதறிப் பாருங்கள். தாய்லாந்தில் தங்கும் நாளைத் தாண்டியிருந்தால் இந்த முகப்பில்தான் தெரியும், ஒரு நாளுக்கு 500 பாட் தண்டம். பிறகு மெக்கோங் ஆற்றின்மேல் 1994-இல் திறந்த நட்புப் பாலம். ரயில் போகும்போது சாலை வாகனங்களை நிறுத்திவிடுவார்கள், இரண்டுக்கும் ஒரே பாலம். லாவோஸ் முத்திரை வியந்தியானின் கம்சவாட் நிலையத்தில்.

அறுந்த பத்துக் கிலோமீட்டர் இங்கேதான். சுங்கை சிப்புட்டிலிருந்து கம்சவாட்வரை தண்டவாள இடைவெளி ஒரே அளவு, 1,000 மில்லிமீட்டர். சீனர்கள் போட்டது 1,435 மில்லிமீட்டர். ஒன்றின் பெட்டி மற்றதில் ஏறாது, ஆகவே நிலையமும் வேறு. ஷட்டில் வேன்களும் துக்துக்குகளும் வெளியே நிற்கும். வேனில் ஆள் கணக்குக்குக் காசு. துக்துக்கில் வண்டிக்கு மொத்தமாகக் கேட்பார்கள், தனி ஆள் நாலு பேர் காசைக் கொடுக்க வேண்டிவரும். லாவோஸில் கிராப் இல்லை, லோக்கா என்ற செயலியை முந்திய நாளே இறக்கி வைத்திருங்கள். அன்றைக்கே அடுத்த ரயில் என்று திட்டம் போட வேண்டாம். இரவு ரயில் ஒரு மணி தாமதமானால் எல்லாம் சரியும். வியந்தியானில் ஓர் இரவு தங்கிப் போவதுதான் மெதுப்பயணத்துக்கு அழகு. கிப் நாணயத்தைத் தேவைக்குமட்டும் மாற்றுங்கள், நாட்டுக்கு வெளியே அது செல்லாக் காசு மாதிரிதான்.

சீனர் போட்ட பாதை

வியந்தியானிலிருந்து எல்லை ஊர் போட்டேன்வரை 400 கி.மீ.க்குச் சற்று அதிகம், 75 சுரங்கம், 160 கி.மீ. வேகம். லுவாங் பிரபாங்குக்கு இரண்டு மணி நேரம் வாக்கில். முன்பு பேருந்தில் மலை சுற்றி ஒரு நாளே போகும். வண்டிக்கு முழு மதிப்பெண். காட்சிக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் போட வேண்டும்: நல்ல மலை ஒன்று தெரிந்ததும் சுரங்கம் வந்து விழுங்கிவிடும்.

இங்கே நிலையம் விமான நிலையம்போல. ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். நுழைவாயிலில் பையைக் கதிர்ப்பெட்டியில் விடுவார்கள். பழம் வெட்டும் கத்தி, கத்தரிக்கோல், கொசு மருந்து ஸ்பிரே, வாசனை ஸ்பிரே எல்லாம் பறிபோகும். கொசுவுக்குத் தடவும் களிம்பும், உடம்புக்கு உருட்டும் வகையும் கொண்டுபோங்கள். நாட்டுக்குள் ஓடும் வண்டிகளின் டிக்கெட் பல வாரம் முன்னால் கிடைக்காது, சில நாள் முன்னால்தான் திறப்பார்கள். லாவோஸ்–சீன ரயிலின் எல்சிஆர் செயலியில் எடுக்கலாம், சிரமமென்றால் தங்கும் விடுதியில் கமிஷன் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருவார்கள். பெட்டியில் கொதிநீர்க் குழாய் உண்டு; மேகி கோப்பையும் தேயிலைப் பொட்டலமும் இருந்தால் தே ஓ வரை ஆகிவிடும். கழிப்பறையில் நம் ஊர்க் குழாய் இராது, சிறு போத்தல் ஒன்று கைவசம் இருக்கட்டும். வியந்தியான், லுவாங் பிரபாங் இரண்டு ஊரிலும் நிலையம் நகரத்துக்கு வெளியே பத்து, பதினைந்து கி.மீ. தள்ளி இருக்கிறது. வண்டிக்காசை டிக்கெட்டோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

குன்மிங் ரயில் காலையில் கிளம்பி இரவுக்குள் சேரும், மொத்தம் 1,035 கி.மீ. போட்டேனில் எல்லாரும் மூட்டையோடு இறங்க வேண்டும், முத்திரை, மறுபடி ஏற வேண்டும். ஒன்பதரை கி.மீ. நீளச் சுரங்கம் ஒன்று, அதற்குள்ளேயே நாடு மாறும். சீனப் பக்கத்து மோஹானில் மறுபடி மூட்டையோடு இறங்கி, சோதனை முடித்து ஏற வேண்டும். 8 கிலோ பைக்காரர் சிரித்துக்கொண்டே இறங்குவார். சீனாவில் வாட்ஸ்அப்பும் கூகளும் உள்ளூர் வைஃபையில் திறக்காது. மலேசிய சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் வேலை செய்யும்.

திரும்பும்போது மணி

தாய்லாந்தும் லாவோஸும் நம்மைவிட ஒரு மணி பின்னால். சீனா நம் மணிதான். போகும்போது இதில் தவறு செய்தாலும் நஷ்டமில்லை. பாடாங் பெசாரில் ரயில் 17:00 என்று தாய்லாந்து மணியில் அச்சாகியிருக்கும், அதை நம் மணி என்று நினைத்தால் ஒரு மணி நேரம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பீர்கள், அவ்வளவுதான். திரும்பும்போது அதே தவறு வண்டியைத் தவறவிடும். இடிஎஸ் டிக்கெட்டில் 11:00 என்று இருக்கும். பாங்காக்கிலிருந்து வந்த கைக்கடிகாரம் 10:00 காட்டும்போதே அந்த வண்டி புறப்பட்டுவிடும். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது என்பதை நம்பி அங்கே நேரம் பார்க்காதீர்கள். நிலையத்தில் மலேசியப் பக்கத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். பாங்காக் வண்டி சேரும் நேரத்துக்கும் இடிஎஸ்ஸுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மாடியில் ஒரு தே தாரே குடிக்க அது சரியாக இருக்கும்.